நாடிக்குக் கீழே வெயில் இல்லை

பவுடர் பேணியை ஐரிஸ் யன்னலால் விட்டெறிந்தாள். அது கிணற்றுக்கட்டில் பட்டு மூடி கழன்று, வாழையடியில் வெள்ளையாகக் கொட்டியது.

"உந்த முகத்தோடைதான் நான் தெல்லிப்பழைக்குப் போறன். டொக்டர் பார்க்கப் போறது முகத்தை. பவுடரை இல்லை," என்றாள்.

பேணியை நீட்டியது மகள் ஸ்ரெல்லாதான். தட்டிவானில் கூட வருகிற சனம் பார்க்குமே என்று நல்ல மனத்தோடு நீட்டினாள். அம்மாவின் நல்ல மனத்தை இந்த நாட்களில் எதிர்பார்க்க முடியாது என்பது தெரிந்தும் நீட்டினாள். தெரிந்து செய்த பிழைக்கு யாரை நோவது?

இந்த முகத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் திகைக்காமல் இருக்க ஒரு தடவை சொல்லிவிடலாம்.

ஐசாக் மாஸ்ரர் காலமான பிறகு, அச்சுவேலிப் பக்கத்து அந்தச் சின்னத் தேவாலயத்தில் இரண்டு பொறுப்புகள் அவருடைய மனைவி ஐரிசின் கைக்கு வந்தன. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவை நடத்துவது ஒன்று. சனிக்கிழமைகளில் பீடத்துக்குப் பூ வைப்பது மற்றது. அவரை இழந்த துக்கத்தை அவள் இந்த இரண்டிலும்தான் கரைத்துக்கொண்டிருந்தாள். போன மாரி முடிந்த கையோடு முகம் சிவக்கத் தொடங்கியது. முதலில் கன்னம், பிறகு நெற்றி, பிறகு கண்மடல். அரிப்பு, எரிச்சல், தோல் செதில் செதிலாக உரிதல். இறாலை விட்டாள், நண்டை விட்டாள், சவர்க்காரத்தை மாற்றினாள், தலைக்கு வைக்கிற எண்ணெயையும் மாற்றினாள். சந்தை மருந்துக்கடைக்காரன் தந்த களிம்பையும் பூசிப் பார்த்தாள். ஞாயிறு, திங்களில் கூடும். வெள்ளிக்கிழமை வரும்போது அடங்கும். அடுத்த ஞாயிறு பழையபடி கிளம்பும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை விசேஷத்தை முதலில் கண்டுபிடித்தவள் நேசம்மா. ஐசாக்கின் தமையன் செல்வத்துரையின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதியால் வேலி, அந்த வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. உப்புக்கும் கறிக்கும் ஊர்க்கதைக்கும் இருபது வருடமாக அந்தப் பொட்டுத்தான் பாதை.

"ஆராதனைக்கு வாற நாளிலைதானே கூடுது. கர்த்தர் எதையோ காட்டிக் குடுக்கிறார்," என்றாள் நேசம்மா.

கர்த்தரோடு நிறுத்தியிருந்தால் ஐரிஸ் பொறுத்திருப்பாள். சில வாரம் கழித்து நேசம்மா, "குட்டமோ ஆருக்குத் தெரியும்," என்று சேர்த்தாள். தொழுநோய் என்ற பேச்சுக் கிளம்பிய பிறகு வேறு என்ன வேண்டும்? தேவாலயத்து வாங்குப் பலகையில் ஐரிசின் பக்கத்து இடம் காலியானது. பீடத்துப் பூ வேலை நேசம்மாவின் கைக்குப் போனது. வேலிப் பொட்டைப் பனையோலை வைத்து நேசம்மாவே தன் கையால் அடைத்தாள்.

போன வியாழக்கிழமை சபைக் கமிற்றியின் செயலாளர் என்ற முறையில் செல்வத்துரை வந்து, நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். முகம் மாறும் வரைக்கும் ஐரிஸ் பாட வேண்டாம், பின்வாங்கில் இருந்தால் போதும். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இதைச் சபைக்கு வாசிப்பார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நான் முன்வாங்கிலைதான் இருப்பன், அத்தான்," என்று ஐரிஸ் கதவைச் சாத்தினாள். அந்த ஞாயிறு நாளைக்கு.

* * *

தட்டிவானில் ஏறியதும் பக்கத்தில் இருந்த மனுசி ஐரிசின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கூடையைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு கூடையோடு தானும் அடுத்த பலகைக்கு நகர்ந்தாள்.

"வடிவாய் வசதியாய் இருங்கோ அக்கா. எனக்கும் கால் நீட்ட இடம் கிடைச்சுது," என்றாள் ஐரிஸ், வான் முழுக்கக் கேட்கும்படி.

ஸ்ரெல்லா வெளியே பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அம்மாவை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது, எங்கேயாவது இறங்கி ஓடவேண்டும் போலவும் இருந்தது.

நேசம்மா சொன்ன சொல்லை ஐரிஸ் ஊருக்கு முன்னால் காறித் துப்பினாள். தனியே இருக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஊசி முனையால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நோகிறதா, நோகவில்லையா? நோகாத இடம் ஒன்று வந்துவிட்டால் தன் வாழ்க்கை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். பாட்டுப் போய்விடும், கோயில் போய்விடும், இந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் போய்விடும்.

தெல்லிப்பழை ஆசுபத்திரியில் அன்றைக்கு இருந்த டொக்டர் மீனாம்பிகை இளம் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். ஐரிசைக் கண்டதும் அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளவில்லை. முன்னுக்கு இழுத்தாள். அதற்காகவே ஐரிசுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"குட்டம் எண்டு ஊருக்கை கதைக்கினம், டொக்டர். இருந்தால் இருக்கெண்டு முகத்துக்கு நேரை சொல்லுங்கோ," என்றாள் ஐரிஸ்.

"இருங்கோ, முதல் பார்ப்பம்," என்றாள் மீனாம்பிகை.

பஞ்சைத் திரித்துக் கன்னத்தில் தொட்டாள். ஐரிசைக் கண்ணை மூடச் சொல்லி, எங்கே தொடுகிறேன் என்று விரலால் காட்டச் சொன்னாள். ஐரிஸ் ஒன்றும் பிசகாமல் காட்டினாள். மீனாம்பிகை அவளுடைய காதுச் சோணையை அமுக்கிப் பார்த்தாள். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தேடிப் பிடித்து உருட்டினாள்.

"நரம்பு தடிக்கேல்லை. தொட்டது எல்லாம் தெரியுது. குட்டம் எண்டால் மரத்துப் போகும், இப்பிடி அரிச்சுக் கொல்லாது. அது இல்லை உங்களுக்கு."

ஐரிசின் கை ஸ்ரெல்லாவின் கையைத் தேடிப் பிடித்தது.

"அப்ப உது என்ன டொக்டர்?" என்று ஸ்ரெல்லாதான் கேட்டாள்.

"முகம் சிவக்கிறதுக்குக் கன காரணம் இருக்கு. உறைப்பு, சூடு பட்டால் சில பேருக்குக் கன்னம் சிவக்கும், ஆனால் தோல் இப்பிடி உரியாது. தேமல், படை எண்டால் வட்டம் வட்டமாய் ஓரம் கட்டி நிக்கும். இன்னொண்டு இருக்கு, லூப்பஸ் எண்டு. ரெண்டு கன்னத்திலையும் மூக்குத் தண்டிலையும் வண்ணத்துப்பூச்சி செட்டை விரிச்ச மாதிரி வரும். உடம்பு தன்னைத்தானே எதிரி எண்டு நினைச்சு அடிக்கிற வருத்தம் அது. வெயில் பட்டால் கூடும். விரல் மூட்டு நோகுதோ? வாய்க்குள்ளை புண்? தலைமயிர் கொட்டுதோ?"

"ஒண்டும் இல்லை. வெயிலுக்குள்ளை நான் கனக்க நிக்கிறதும் இல்லை."

"எதுக்கும் ரத்தம் எடுத்து அனுப்புவம். ஆனால் நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ."

ஐரிஸ் நாடியை உயர்த்தினாள். மீனாம்பிகை குனிந்து பார்த்தாள். காதை மடக்கிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதைத்தான் தேடினனான்," என்றாள். "வெயிலாலை வாறது எண்டால் வெயில் பட்ட இடத்திலைதான் நிக்கும். நாடிக்குக் கீழை வெயில் இல்லை. காதுக்குப் பின்னாலை இல்லை. உங்களுக்கு அங்கையும் இருக்கு. கண்மடலிலையும் இருக்கு. காத்திலை ஏதோ வந்து படுது, அல்லது நீங்கள் எதையோ முகத்துக்குக் கிட்டக் கொண்டு போறியள். உங்கடை தோலுக்கு அது ஒத்துக்கொள்ளேல்லை."

"நான் ஒண்டும் கொண்டு போறதில்லையே."

"யோசியுங்கோ. நான் இந்தியாவிலை படிக்கேக்கை தோட்டக்காரர் கனபேரை இப்பிடி முகத்தோடை கண்டனான். ஒரு களையாலை வாறது. பார்த்தீனியம் எண்டு பேர். இலை செவ்வந்தி இலை மாதிரி இருக்கும், பூ வெள்ளைப் பொட்டுப் பொட்டாய். இஞ்சை நான் அதைக் காணேல்லை."

"களையோ," என்று ஐரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கடை வளவிலை ஒரு களை நிக்காது, டொக்டர். வந்து பாருங்கோ."

மீனாம்பிகை சிரித்தாள். "சரி, வேறை எதுவாயும் இருக்கலாம். எதிலையாவது சந்தேகம் வந்தால் முகத்திலை வைச்சுச் சோதிக்காதையுங்கோ. முழங்கைக்கு உள்பக்கம், நல்ல தோலிலை, ஒரு சொட்டு வைச்சுத் துணியாலை கட்டுங்கோ. ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்கோ. அரிக்கத் தொடங்கினால் உடனை அவிழ்த்துக் கழுவ வேணும். ஒண்டு சொல்லுறன், இது எல்லாருக்கும் வராது. ஒரே வேலை செய்யிற பத்துப் பேரிலை ஒரு ஆளின்ரை தோல்தான் கோவிக்கும். அதுவும் கன நாள் பழகின பிறகு."

பூச மருந்து தந்தாள். எழும்பும்போது, "தொத்து வருத்தம் இல்லை எண்டு சேர்டிபிக்கற் ஒண்டு எழுதித் தரவோ? காட்ட வேண்டிய ஆக்களுக்குக் காட்டலாம்," என்று கேட்டாள்.

ஸ்ரெல்லா கையை நீட்டிவிட்டாள். ஐரிஸ் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேண்டாம் டொக்டர். நீங்கள் சொன்னது எனக்குப் போதும். என்ரை முகத்துக்கு நான் அனுமதிக் கடதாசி கொண்டு திரியமாட்டன்."

* * *

வெளியே வந்ததும் ஸ்ரெல்லா பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்களுக்கு என்ன விசரோ? அந்த ஒரு கடதாசியைப் பெரியப்பாவின்ரை கையிலை குடுத்தால் நாளைக்கு ஒண்டும் வாசிக்க ஏலாதெல்லோ."

"இருபது வருசமாய் அந்தக் கோயிலிலை பாடுறன். என்ரை வாயாலை குட்டம் இல்லை எண்டு சொன்னது காணாதாம். கடதாசி சொன்னால்தான் நம்புவினமாம். அப்பிடி நம்புற ஆக்கள் நம்பவே வேண்டாம்."

"வீம்பு, அம்மா. உங்களுக்கு வருத்தம் முகத்திலை இல்லை."

"ஓம், வீம்புதான். அதையும் விட்டால் பிறகு என்னட்டை என்ன கிடக்கு?"

தாயும் மகளும் தட்டிவானில் திரும்பி வந்து, சந்தியில் இறங்கி நடந்தார்கள். தேவாலயத்துக்குப் பின்பக்கத்துப் பனங்கூடல் வளவு வந்தது. இந்தியன் ஆமி இரண்டு வருடத்துக்கு மேலாகக் கூடாரம் அடித்து, சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்த ஆடுகளையும் கட்டி வைத்திருந்த வளவு. அவர்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. கூடாரமும் இல்லை, ஆடும் இல்லை. பூ மட்டும் இருந்தது. வளவு முழுக்க இடுப்பளவு உயரத்தில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. ஆமி வந்த பிறகு முளைத்ததென்று ஊரில் ஆமிப்பூ என்பார்கள்.

ஆமி இருந்த கடைசிக் காலத்துச் சண்டைகளில் பூ எங்கே கிடைத்தது? ஊரடங்கில் பூக்காரன் வரமாட்டான். வீட்டு ரோசாவுக்குத் தண்ணீர் இறைக்கப் போக முடியாது. பீடம் வெறுமையாக இருப்பதைப் பொறுக்க மாட்டாமல், தேவாலய வேலியோரம் பூத்திருந்த இந்த வெள்ளைப் பூவை முதன்முதலாக வெட்டிக்கொண்டுபோய்ச் சாடியில் வைத்தவள் ஐரிஸ்தான். ஒரு வாரம் வாடாமல் நின்றது. பனித்துளி போல இருக்கிறது என்று போதகரே பிரசங்கத்தில் சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் பூ இல்லாமல் அந்தத் தேவாலயத்தில் ஒரு ஞாயிறும் விடியவில்லை. பீடத்துப் பொறுப்புப் பறிபோன பிறகும் சனிக்கிழமை தோறும் ஒரு கட்டு வெட்டி, வீட்டில் ஆர்மோனியத்துக்கு மேல் இருக்கிற ஐசாக்கின் படத்துக்கு அவள் வைத்து வந்தாள்.

இன்றைக்கும் சனிக்கிழமை. கால் தன்பாட்டில் வளவுக்குள் திரும்பியது. ஒரு கொத்தைப் பிடித்து ஒடிக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

பூவைத்தான் அவள் இத்தனை நாளும் பார்த்திருந்தாள். இலையை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. சாடிக்கு உயரம் காணாது என்று இலையை உருவி எறிந்துவிடுவாள். இப்போது பார்த்தாள். வெட்டு வெட்டாக, அச்சு அசலாகச் செவ்வந்தி இலை போல இருந்தது.

"ஸ்ரெல்லா, இஞ்சை வா. கிட்ட வராதை, அங்கை நிண்டு பார்."

ஸ்ரெல்லா பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

சனிக்கிழமை பூவைக் கட்டி அணைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். நாடிக்குக் கீழே, கழுத்தோடு, முகத்தோடு உரசும். ஞாயிறு முகம் கொதிக்கும். வெள்ளிக்கிழமை பூ வாட முகம் ஆறும். காட்டிக் கொடுத்தது கர்த்தர் இல்லை. ஐரிசுக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. எங்கள் வளவில் ஒரு களை நிற்காது என்று டொக்டருக்குச் சொல்லிவிட்டு வந்தவள், களையைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்துப் புகழும் வாங்கியிருக்கிறாள்.

வெட்கம் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பின்னால் வேறொரு நினைப்பு வந்தது.

"ஐயோ பிள்ளை, இப்ப நேசம்மாக்காவெல்லோ வைக்கிறா," என்றாள்.

* * *

தேவாலயத்துக்குள் நேசம்மா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து சாடியில் பூ அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல கோடை, ஆனாலும் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். செல்வத்துரை கமிற்றிப் பேப்பர்களோடு முன்வாங்கில் இருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை செபநாயகம் விளக்குச் சிமினி துடைத்தார்.

ஐரிஸ் நேரே நடந்துபோனாள்.

"அக்கா, அந்தப் பூவைத் தொடாதையுங்கோ."

நேசம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீதான் தொடாதை. பீடத்துக்குக் கிட்ட வராதை எண்டு உனக்குச் சொல்லியாச்சு."

"ஐரிஸ்," என்றார் செல்வத்துரை, எழுந்து, "நீர் இப்ப இஞ்சை வந்து பிரச்சினைப்படுத்தக் கூடாது. நாளைக்குக் கமிற்றி சொல்லும்."

"கமிற்றி நாளைக்குச் சொல்லட்டும், அத்தான். நான் இண்டைக்குச் சொல்லுறன். என்ரை முகத்துக்குக் காரணம் இந்தப் பூ. தெல்லிப்பழையிலை காட்டிப்போட்டு வாறன். குட்டமும் இல்லை, தொத்தும் இல்லை. பூவை உருவி வெளியிலை எறியுங்கோ."

"பூவாலை முகம் அழுகுமோ?" என்று கேட்டாள் நேசம்மா. "ஊரிலை எத்தினை பேர் அந்தப் பூவுக்குள்ளாலை மாடு சாய்க்கினம். அவைக்கு ஒண்டும் இல்லை. உனக்கு மட்டும் பூ குத்துதோ?"

ஐரிஸ் இரண்டு சாடியையும் கவிழ்த்து, பூவை ஒரே கட்டாக அள்ளினாள். நேசம்மா அதைப் பறிக்கப் பாய்ந்தாள். இருவரும் இழுத்த இழுப்பில் நேசம்மாவின் தலைப்பு நழுவியது.

கழுத்து முழுக்கச் சிவந்திருந்தது. காதடியில் சின்னச் சின்னக் கொப்புளம். சொறிந்த நகக்கீறல்.

செல்வத்துரை வாய் பிளந்து பார்த்தார். அவருக்கு இது இதுவரை தெரியாது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

நேசம்மா தலைப்பை இழுத்து மூடினாள். பிறகு, மூடிப் பயனில்லை என்று கண்டதும் பாய்ந்தாள்.

"பார்த்தியளோ. எனக்கும் தொத்திப்போச்சு. இவளின்ரை கத்திரிக்கோலைத்தானே நான் எடுத்துப் பூ வெட்டினனான். இவளின்ரை சாடியைத்தானே கழுவினனான். தொத்து இல்லையாம், டொக்டர் சொன்னவவாம். கடதாசி ஏதும் தந்தவவோ?"

ஸ்ரெல்லா அம்மாவைப் பார்த்தாள். ஐரிஸ் அந்தப் பார்வையைச் சந்திக்கவில்லை.

"இல்லை," என்றாள்.

"அப்ப நாங்கள் எதை நம்புறது?" என்று கேட்டார் செல்வத்துரை. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

ஐரிஸ் பூக்கட்டை மடியில் போட்டுக்கொண்டு முன்வாங்கில் உட்கார்ந்தாள். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். கை சுத்தமாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

"வடிவாய்ப் பாருங்கோ அத்தான். செபநாயகம் அண்ணை, நீங்களும் வந்து பாருங்கோ. இதிலை ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை, தங்கச்சி," என்றார் செபநாயகம், எட்டிப் பார்த்து.

ஐரிஸ் ஒரு கொத்தை இலையோடு கசக்கி, முழங்கையின் உள்பக்கம் வைத்தாள். "ஸ்ரெல்லா, உன்ரை லேஞ்சியைத் தா. இறுக்கிக் கட்டு." ஸ்ரெல்லா தன் கைக்குட்டையால் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"நாளைக்கு ஆராதனைக்கு முதல், சபைக்கு முன்னாலை, அத்தான் நீங்களே இதை அவிழ்க்க வேணும். தோல் இப்பிடியே இருந்தால் நான் பின்வாங்குக்கும் வரமாட்டன், கோயிலுக்கே வரமாட்டன். சிவந்திருந்தால், நான் முன்வாங்கிலை இருந்து பாடுவன். உங்கடை தீர்மானத்தைக் கிழிச்சுப்போட வேணும். சரியோ?"

செல்வத்துரை கையிலிருந்த கமிற்றிப் பேப்பர்களை மடித்தார்.

"சரி," என்றார்.

வாசலுக்கு வந்ததும் ஸ்ரெல்லா அழுகிற குரலில் சொன்னாள்: "ரெண்டு நாள் எண்டெல்லோ டொக்டர் சொன்னவ. நாளைக் காலைமை எண்டால் ஒரு ராத்திரிதான் கிடக்கு."

"தெரியும்," என்றாள் ஐரிஸ். செல்வத்துரையிடம் சொல்லும்போது தெரியாது. சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அதை மகளிடம் ஒப்புக்கொள்ள அவள் ஆயத்தமில்லை.

* * *

ஐசாக்கின் படத்துக்கு முன்னாலிருந்த பழைய பூவை முதலில் தூக்கித் தூரத்தில் புதைத்தார்கள். ஆர்மோனியத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தார்கள். படத்துக்கு ஒரே ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள் ஐரிஸ். பிறகு வாசற்படியில் இருந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை சும்மா கிடந்தது. எத்தனை மாதம் இந்த அரிப்பை எடுத்துவிடு ஆண்டவரே என்று மன்றாடியிருக்கிறாள். இன்றைக்கு, கொஞ்சம் அரிக்க வையும் ஆண்டவரே என்று செபித்தாள். மேலே இருக்கிறவர் இந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார் என்று நமக்குத் தெரியாது.

"அரிக்குதோ அம்மா?" என்று ஸ்ரெல்லா அடுப்படியில் இருந்து கேட்டாள். கேட்பது இது முதல் தடவை இல்லை.

"இல்லை. நீ உன்ரை புட்டைப் பார்."

பொழுது படுகிற நேரம். வேலியில் சரசரத்தது. அடைத்திருந்த பனையோலை ஒன்று அசைந்தது, பிறகு மற்றது. யாரோ அந்தப் பக்கத்தில் நின்று ஓலையைப் பிடித்து இழுத்தார்கள். பொட்டு திறந்தது. நேசம்மா குனிந்து உள்ளே வந்தாள். கழுத்தில் போர்வை இல்லை. கண்மடல் வீங்கியிருந்தது, அழுததாலா பூவாலா என்று சொல்ல முடியவில்லை.

ஐரிஸ் எழுந்திருக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"ஐரிஸ்," என்றாள் நேசம்மா. "அந்தப் பூ இன்னும் கிடக்கோ?"

"ஏன்?"

"என்ரை கையிலையும் கட்டிவிடு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஐரிஸ் அவளையே பார்த்தாள்.

"அவர் பின்னேரம் என்ரை கோப்பையைத் தனியா எடுத்து வைச்சிட்டார்," என்றாள் நேசம்மா. "ஒண்டும் சொல்லேல்லை. கோப்பையை எடுத்து, தனியா வைச்சார். ராத்திரிக்கு விறாந்தையிலை படுக்கிறாராம். ஐரிஸ், எனக்குப் பயமாய் இருக்கு. டொக்டர் உண்மையாய் பூ எண்டுதான் சொன்னவவோ?"

இந்த ஒரு நிமிடத்துக்காக ஐரிஸ் எத்தனையோ நாள் காத்திருந்தாள். சொல்லுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். உமக்குக் கர்த்தர் எதைக் காட்டிக் கொடுக்கிறார் என்று கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்தக் கோப்பையை நினைத்ததும் திரும்பிப் போய்விட்டது. தன் கோப்பையை யாரும் தனியாக வைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்ரெல்லா ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லை.

"கையை நீட்டுங்கோ," என்றாள். "இது குட்டம் இல்லை அக்கா. குட்டம் எண்டால் தொட்டது தெரியாது. நீங்கள் சொறிஞ்ச சொறிக்கு உங்களுக்கு எல்லாம் நல்லாய்த் தெரியுது."

நேசம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது. ஐரிஸ் உள்ளே போய், பழைய சேலைத் துணியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள். தேவாலயத்திலிருந்து அள்ளிக்கொண்டுவந்து வேலியோரம் போட்டிருந்த பூக்கட்டிலிருந்து ஒரு இலை ஒடித்து, முழங்கையின் உள்பக்கம் வைத்துக் கட்டினாள். கட்டும்போது நேசம்மாவின் கையை வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தாள். நேசம்மா கையை இழுக்கவில்லை.

முடிச்சைப் போட்டபிறகும் ஐரிஸ் கையை விடவில்லை.

"ஒண்டு கேட்கிறன், அக்கா. நாளைக்கு நான் என்ரை கையைச் சபைக்கு முன்னாலை நீட்டுவன். நீங்களும் எனக்குப் பக்கத்திலை, முன்வாங்கிலை இருந்து நீட்டுவியளோ?"

நேசம்மா துணிக்கட்டைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் செல்வத்துரை இருமுவது கேட்டது. சட்டைக் கையை இழுத்துக் கட்டை மூடிக்கொண்டாள். குனிந்து பொட்டுக்குள்ளால் போய்விட்டாள். ஓலையைத் திரும்ப வைத்து அடைக்கவில்லை.

ஸ்ரெல்லா விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். "பெரியம்மா ஏன் வந்தவ?"

"சும்மா," என்றாள் ஐரிஸ். பிறகு பேச்சை நிறுத்திக் கையைக் கொஞ்சம் தூக்கினாள். தலையைச் சாய்த்து, எங்கோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவளைப் போல இருந்தாள்.

"என்ன அம்மா? அரிக்குதோ?"

"ஓம்."

"அப்ப அவிழ்ப்பம். அரிச்சால் உடனை அவிழ்த்துக் கழுவச் சொன்னவ. வாங்கோ கிணத்தடிக்கு."

"அவிழ்க்கிறது உன்ரை பெரியப்பா," என்று சொல்லி, ஐரிஸ் எழுந்துபோய் ஆர்மோனியத்தைத் திறந்தாள். நாளைக்குப் பாடவேண்டிய பாட்டைத் தொடங்கினாள். திறந்த பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று வழக்கத்தைவிட ஒரு சுருதி கூட்டியே பாடினாள். இடது கை நெருப்பாக எரிந்தது. அவள் சொறியவில்லை.